சோசலிசம் படிவத்தில் நிரப்பும் வாசகமா? தமிழ்நாட்டு எம்.பி.க்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். மக்களவையில் 39 பேர், மாநிலங்களவையில் 18 பேர் எனத் தமிழ்நாட்டின் சார்பில் டெல்லியில் இருக்கும் உங்கள் அனைவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ல், கட்சிகளைப் பதிவு செய்வது பற்றி 29ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. அதன் ஐந்தாவது உட்பிரிவிலிருந்து ஒரே ஒரு சொல்லை நீக்க நீங்கள் முன்கை எடுக்க வேண்டும். அந்தச் சொல் சோசலிசம்.

இதைக் கேட்பவன் சோசலிசத்துக்கு எதிரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்த்த காலம் முழுக்கத் தொழிற்சங்கத்தில் இருந்தவன் நான். உழைப்பவன் கையில் அதிகாரம் வர வேண்டும் என்று இன்றைக்கும் நம்புகிறவன். அந்த நம்பிக்கைதான் இந்த மடலை எழுத வைக்கிறது.

ஒரு புதிய கட்சி தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்துகொள்ள விண்ணப்பிக்கும்போது தன் சட்டதிட்ட நகலையும் இணைக்க வேண்டும். அந்தச் சட்டதிட்டத்தில், இந்திய அரசியலமைப்பின் மீதும், சோசலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகம் ஆகிய கொள்கைகளின் மீதும் உண்மையான பற்றுறுதி கொண்டிருப்போம், நாட்டின் இறையாண்மையையும் ஒற்றுமையையும் ஒருமைப்பாட்டையும் காப்போம் என்று குறிப்பாக ஒரு விதி இருந்தாக வேண்டும். இல்லையென்றால் பதிவு கிடையாது. 1989-ல் கொண்டுவந்த திருத்தம் இது. அதனால் இன்று நாட்டில் பதிவு பெற்ற எல்லாக் கட்சியும் சட்டப்படி சோசலிசக் கட்சிதான். பொதுத்துறையை விற்பது எங்கள் கொள்கை என்று மேடையில் பேசும் கட்சியும் அப்படித்தான், சந்தையே எல்லாவற்றையும் தீர்மானிக்கட்டும் என்று எழுதும் கட்சியும் அப்படித்தான்.

நீங்கள் எம்.பி.யாகப் பதவியேற்றபோது எடுத்த உறுதிமொழியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அரசியலமைப்பின் மூன்றாவது அட்டவணையில் இருக்கும் அந்த வாசகத்தில் சோசலிசம் என்ற சொல்லே கிடையாது. உறுப்பினரிடம் கேட்காத ஒன்றைக் கட்சியிடம் மட்டும் கேட்கிறது சட்டம்.

சரி, ஒரு சொல்தானே, இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றலாம். எல்லோரும் சோசலிஸ்டுகள் என்று ஆகிவிட்டால், சோசலிசத்துக்கும் தாராளவாதத்துக்கும் நடுவில் இருக்கும் சண்டை, உழைப்பவர் வாழ்க்கையைத் தொடுகிற சண்டை, பெயரில்லாமல் போய்விடுகிறது. அது எப்படிப் போகிறது என்பதை நம் சட்டமன்றத்திலேயே 2023-ல் பார்த்தோம்.

அந்த ஆண்டு ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகள் சட்டத்தில் ஒரு திருத்தம் நிறைவேறியது. 65ஏ என்ற புதிய பிரிவு. அரசு நினைத்தால், வேலை நேர விதிகளிலிருந்து ஒரு தொழிற்சாலைக்கோ ஒரு தொழில் பிரிவுக்கோ விலக்குத் தரலாம். பேச்சு வழக்கில் அது '12 மணி நேர வேலை மசோதா' ஆனது. அமைச்சர்கள் தந்த விளக்கம் இதுதான்: வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற உச்சவரம்பு மாறாது, நான்கு நாளில் முடித்துக்கொண்டு மீதி நாள் ஓய்வெடுக்கலாம், விருப்பப்படும் தொழிலாளர்களுக்கு மட்டும்தான் இது பொருந்தும்.

'விருப்பப்படும் தொழிலாளர்' என்ற அந்தச் சொற்றொடரில்தான் இரண்டு சித்தாந்தங்களும் முட்டிக்கொள்கின்றன.

தாராளவாதியின் வாதத்தை முதலில் சொல்கிறேன், அதை இளக்காரமாகச் சொல்லும் எண்ணம் எனக்கில்லை. ஒரு பெண் தொழிலாளி இருக்கிறாள். வயது வந்தவள். தன் நன்மை எது என்று அவளுக்குத் தெரியும். நான்கு நாள் நீளமாக வேலை பார்த்துவிட்டு மூன்று நாள் குழந்தையோடு வீட்டில் இருப்பது நல்லது என்று அவள் நினைக்கிறாள், முதலாளியும் சரி என்கிறார். நடுவில் புகுந்து 'கூடாது' என்று சொல்ல அரசு யார், சங்கத் தலைவர் யார்? மனிதன் தனக்குத் தானே எஜமான். அவன் மனதார ஒப்புக்கொண்ட ஒப்பந்தத்தில் மூன்றாமவருக்கு வேலையில்லை. தாராளவாதத்தின் அடித்தளமே இதுதான். அரசனும் மதகுருவும் சாதித் தலைவரும் சேர்ந்து ஒருவன் வாழ்க்கையைத் தீர்மானித்த காலத்தில் இந்த வாதம் எவ்வளவு பெரிய விடுதலையாக இருந்திருக்கும் என்பதை யோசித்தால்தான் இதன் பலம் புரியும்.

அப்புறம் சோசலிஸ்டின் பதில். செய்யாறு, வந்தவாசிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஒரகடத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு வரும் கம்பெனி பஸ்களைப் பார்த்திருப்பீர்கள். காலை ஷிப்டுக்குப் போகிறவள் விடிவதற்கு முன்பே ரோட்டு முனையில் சாப்பாட்டுப் பையோடு வந்து நிற்க வேண்டும். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும், 12 மணி நேர வேலை என்பது அவளுக்கு 15 மணி நேரம். அவள் கம்பெனியின் ஆளும் இல்லை, காண்ட்ராக்டரின் ஆள். அவளிடம் விருப்பக் கடிதத்தை நீட்டப் போவது அந்தக் காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர். 'எனக்கு விருப்பமில்லை' என்று அவள் சொன்னால் யாரும் அவளை அடிக்க மாட்டார்கள், மிரட்டக்கூட மாட்டார்கள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று ஒரு போன் வரும், அவ்வளவுதான். வேலை போனால் கம்பெனிக்கு ஒரு ஆள் குறையும். அவளுக்கு அந்த மாத அரிசியும் தவணைப் பணமும் போகும். இந்த இரண்டு இழப்பும் சமமில்லாத இடத்தில் போடும் கையெழுத்தை மனதார ஒப்புக்கொண்டது என்று எப்படிச் சொல்ல முடியும்?

'யார் அவளைக் கட்டாயப்படுத்தினார்கள்?' என்று கேட்கிறது தாராளவாதம். 'கையெழுத்துப் போடாவிட்டால் அவள் என்ன ஆவாள்?' என்று கேட்கிறது சோசலிசம். அங்கேயே நிற்காமல் இன்னும் ஒரு படி மேலே போகிறது: அவள் வேலை பார்க்கும் பிரஸ் மெஷின் யாருக்குச் சொந்தம், அதில் வரும் லாபத்தை எங்கே போடுவது என்பதை யார் முடிவு செய்கிறார்கள், அதை ஓட்டுகிறவளுக்கு அந்த முடிவில் ஏன் இடமில்லை? சொத்து யார் கையில் என்ற இந்தக் கேள்வி இல்லாமல் சோசலிசம் இல்லை. கூலியைக் கொஞ்சம் ஏற்றித் தருவதோடு முடிகிற விஷயமில்லை அது.

ஆளும் திமுகவின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன, தொழிற்சங்கங்கள் கொதித்தன, ஏப்ரல் 24 அன்று முதல்வர் அந்த மசோதாவை நிறுத்திவைத்தார், மே 1 அன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அந்த முடிவை நான் வரவேற்றேன். ஆனால் கவனியுங்கள்: மசோதாவைக் கொண்டுவந்தவர்கள், ஆதரித்தவர்கள், எதிர்த்தவர்கள் எல்லோருடைய கட்சியும் சோசலிசத்தின் மீது பற்றுறுதி சொல்லிப் பதிவு பெற்றதுதான். 'இது தாராளவாதச் சட்டம், நான் தாராளவாதி, அதனால் ஆதரிக்கிறேன்' என்று அந்த அவையில் ஒருவரும் எழுந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விவாதம் நேர்மையாக நடந்திருக்கும். முதலீடு வரும், மின்னணுத் தொழில் வளரும் என்ற நடைமுறைப் பேச்சாகவே அது முடிந்துபோனது.

ஒரு காலத்தில் இப்படி இல்லை. அதற்கும் நம் ஊரே சாட்சி. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு 'சோசலிசப் பாணிச் சமுதாயம்' அமைப்பதே குறிக்கோள் என்று தீர்மானம் போட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து நாகபுரி மாநாடு கூட்டுறவுப் பண்ணை விவசாயத்தை நோக்கிப் போக வேண்டும் என்றது. அதற்கு எதிர்வினையாக 1959 ஜூனில் இதே சென்னையில் சுதந்திராக் கட்சி பிறந்தது. எண்பது வயதைத் தாண்டிய ராஜாஜி, விவசாயிகள் தலைவர் என்.ஜி. ரங்கா, மினு மசானி ஆகியோர் சேர்ந்து, 'நாங்கள் சோசலிஸ்டுகள் இல்லை' என்று ஊரறியச் சொன்ன கட்சி அது. நிலம் உழவனுக்கே சொந்தமாக இருக்கட்டும், அரசு வியாபாரத்திலிருந்து விலகட்டும், பர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ஆட்சி ஒழியட்டும் என்றார் ராஜாஜி. 1952-ல் சென்னை மாகாண முதலமைச்சராக உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கியவர் அவர், வாய்ப்பேச்சாக மட்டும் சொல்லவில்லை. அந்தக் கட்சியில் பழைய மன்னர் குடும்பங்களும் பெருநிலக்காரர்களும் வந்து அடைக்கலம் புகுந்தார்கள் என்பதும் உண்மை, எனக்கு அது பிடிக்காத உண்மை. ஆனாலும் 1967 தேர்தலில் 44 இடங்களோடு மக்களவையில் காங்கிரசுக்கு அடுத்த பெரிய கட்சியாக அது உட்கார்ந்தது. தேர்ந்தெடுத்தவர்களுக்கு எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று தெரிந்திருந்தது.

அதே 1967-ல் இங்கே அண்ணா அமைத்த கூட்டணியைப் பாருங்கள். சுதந்திராக் கட்சியும் அதில் இருந்தது, மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் இருந்தது. சட்டமன்றத்தில் ராஜாஜியின் கட்சிக்கு 20 இடம், மார்க்சிஸ்டுகளுக்கு 11 இடம். காங்கிரசைத் தோற்கடிக்க ஒரே மேடையில் ஏறினார்கள், கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை. இன்று அந்தச் சுதந்திராக் கட்சி உயிரோடு எழுந்து வந்து பதிவுக்கு விண்ணப்பித்தால், முதலில் தான் எதிர்த்துப் பிறந்த கொள்கைக்கே பற்றுறுதி சொல்ல வேண்டும். ராஜாஜியோடு எனக்கு எதிலும் உடன்பாடு இல்லை. அவரைப் பொய் சொல்ல வைத்துத்தான் தேர்தலில் நிற்க விடுவேன் என்கிற சட்டத்தோடும் எனக்கு உடன்பாடு இல்லை.

எங்கள் சங்கக் கூட்டங்களில் தாராளவாதம் என்றாலே முதலாளிகளின் தத்துவம் என்று பேசி முடித்துவிடுவது உண்டு. அதில் பாதிதான் உண்மை. 1972-ல் செய்தித்தாள் எத்தனை பக்கம் வரலாம் என்பதற்கு அரசு வரம்பு வைத்தது. பத்துப் பக்கம். காகிதம் பற்றாக்குறை, சிறிய பத்திரிகைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று நியாயமான காரணம்தான் சொன்னார்கள். உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. காகிதத்தின் சாவி அரசின் கையில் இருந்தால் பேச்சின் சாவியும் அங்கேதான் இருக்கும் என்ற தாராளவாதியின் அச்சம் வெறும் சொத்துக்காரனின் பயம் கிடையாது. தனிச்சொத்தை அவர்கள் காப்பாற்றச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்: அரசை எதிர்ப்பவனுக்குக் காலூன்ற ஒரு துண்டு இடமாவது வேண்டும்.

அரசியலமைப்பின் முகவுரையில் சோசலிசம் என்ற சொல் ஏறிய கதையே இதற்குச் சான்று. 42-வது திருத்தம் 1976-ல், நெருக்கடி நிலையின் நடுவில் வந்தது. ஜெயப்பிரகாஷ் நாராயண் உள்ளே போய் வந்திருந்தார். ஜார்ஜ் பெர்னாண்டஸ் சிறையில். நாட்டின் அசல் சோசலிஸ்டுகள் பலர் கம்பிக்குள் இருந்தபோது அரசியலமைப்பு சோசலிசமானது. அதே ஆண்டு ஜனவரி 31 அன்று இங்கே திமுக ஆட்சி கலைக்கப்பட்டது, சிறையில் அடி வாங்கிய திமுகவின் சிட்டிபாபு உயிரோடு மீளவில்லை. அன்று அவர்களுக்குத் தேவைப்பட்டது என்ன? ஒருவனைக் காரணம் சொல்லாமல் பிடித்து வைக்காதே, நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்து என்று கேட்கும் ஆட்கொணர்வு உரிமை. அது தாராளவாத மரபு வளர்த்துத் தந்த உரிமை. அந்த உரிமை இல்லாத சோசலிசம் எப்படி இருக்கும் என்பதை சோவியத் நாட்டின் முகாம்களில் உலகம் பார்த்துவிட்டது. உரிமை எல்லாம் காகிதத்தில் இருந்தும் கையில் காசில்லாதவன் நிலை என்ன என்பதை நம் தெருக்களில் தினமும் பார்க்கிறோம். இரண்டு தரப்பும் ஒன்றின் தவறை ஒன்று காட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு தரப்புக்குச் சட்டத்தில் வாயடைத்துவிட்டால் அது எப்படி நடக்கும்?

இன்னொரு குழப்பத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் மேடைகளில் இதுதான் அதிகம் நடக்கிறது. இலவச பஸ், சத்துணவு, மகளிர் உரிமைத் தொகை, ரேஷன் அரிசி எல்லாமே சோசலிசம் என்று ஒரு பக்கம் பெருமையாகச் சொல்கிறார்கள், மறுபக்கம் அதையே திட்டாகச் சொல்கிறார்கள். எனக்கு இந்தத் திட்டங்கள் வேண்டும், எல்லாமே வேண்டும். ஆனால் இவை சோசலிசத்துக்கு மட்டும் உரியவை என்று சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. பிரிட்டனின் மக்கள்நல அரசுக்கு 1942-ல் அறிக்கை எழுதித் தந்த பெவரிட்ஜ் ஒரு தாராளவாதி, லிபரல் கட்சிக்காரர். பசியும் நோயும் துரத்துகிறவன் சுதந்திரமானவனாக இருக்க முடியாது, அதனால் அரசு கைகொடுக்கலாம் என்பது தாராளவாதத்துக்குள்ளேயே வளர்ந்த ஒரு கிளை. அதற்கும் முன்னால், 1883-ல் ஜெர்மனியில் தொழிலாளர்களுக்கு மருத்துவக் காப்பீடு கொண்டுவந்த பிஸ்மார்க், சோசலிஸ்டுகளை ஒடுக்க 1878-லேயே தடைச் சட்டம் போட்டவர். நிவாரணம் கொடுத்தால் தொழிலாளி சோசலிசத்தின் பக்கம் போக மாட்டான் என்பது அவர் கணக்கு.

நம் உச்ச நீதிமன்றமே இப்போது இதை ஒருவகையில் ஒப்புக்கொண்டுவிட்டது. 2024 நவம்பரில் இரண்டு தீர்ப்புகள் வந்தன. 5-ம் தேதி ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தனியார் சொத்து எல்லாமே, பொது நன்மைக்காக அரசு பங்கிடக்கூடிய சமூகத்தின் பொருள்வளம் ஆகிவிடாது என்று பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. 25-ம் தேதி வேறொரு அமர்வு, முகவுரையிலிருந்து சோசலிசம், மதச்சார்பின்மை என்ற சொற்களை நீக்கக் கோரிய மனுக்களைத் தள்ளுபடி செய்தது. தள்ளுபடி செய்யும்போது சொன்ன காரணம் முக்கியம்: இந்தியச் சூழலில் சோசலிசம் என்றால் மக்கள்நல அரசு, அது தனியார் தொழிலுக்குத் தடையில்லை. இந்தப் பொருளில் பார்த்தால் பெவரிட்ஜும் உறுதிமொழி எடுக்கலாம், பிஸ்மார்க்கும் எடுக்கலாம். அப்படியானால் 29ஏ பிரிவில் கேட்கும் பற்றுறுதி எதன் மீது? உண்மையான சோசலிசத்தின் மீது என்றால் கட்சிகளில் முக்கால்வாசி அதை மீறிக்கொண்டிருக்கின்றன. 1989-ல் இந்தப் பிரிவு வந்தது, 1991 ஜூலையில் பொருளாதாரமே சந்தையின் பக்கம் திசை திரும்பியது, யாரும் யார் பதிவையும் கேள்வி கேட்கவில்லை. வெறும் மக்கள்நலம்தான் என்றால் அந்தச் சொல் அங்கே எதற்கு?

இதையெல்லாம் அம்பேத்கர் முன்கூட்டியே பார்த்திருக்கிறார். 1948 நவம்பர் 15 அன்று அரசியல் நிர்ணய சபையில் கே.டி. ஷா, இந்தியா ஒரு மதச்சார்பற்ற, கூட்டாட்சி, சோசலிச மாநிலங்களின் ஒன்றியம் என்று எழுத வேண்டும் எனத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. சமூகத்தைப் பொருளாதார ரீதியாக எப்படி அமைப்பது என்பதைக் காலத்துக்கும் சூழலுக்கும் ஏற்ப மக்களே முடிவு செய்ய வேண்டும், அதை அரசியலமைப்பிலேயே எழுதிக் கட்டிப்போடுவது ஜனநாயகத்தை அழிப்பதாகும் என்றார். இத்தனைக்கும் அவர் சோசலிசத்துக்கு எதிரி இல்லை. முக்கியத் தொழில்களும் விவசாய நிலமும் அரசுடைமையாக வேண்டும், அதை அரசியலமைப்பிலேயே எழுத வேண்டும் என்று 1947-ல் வாதிட்டவரே அவர்தான். ஒரு நாட்டுக்கே அரசியலமைப்பு எழுதும் பொறுப்பில் உட்கார்ந்தபோது, தன் கொள்கையை எதிராளியின் மீது சட்டமாகத் திணிக்க மறுத்தார். சோசலிஸ்டுகளாகிய எங்களுக்கு அதில் ஒரு வழிகாட்டல் இருக்கிறது.

உங்களில் பலருக்கு ஒரு தயக்கம் வரும். அது நியாயமான தயக்கம். முகவுரையிலிருந்து இரண்டு சொற்களையும் எடுப்பது பற்றி விவாதிக்க வேண்டும் என்று 2025 ஜூனில் ஆர்எஸ்எஸ் பொதுச்செயலாளர் பேசினார். இந்த நேரத்தில் இப்படி ஒரு திருத்தம் கொண்டுவந்தால் அந்தக் குரலுக்கு வலுச் சேர்க்காதா? நான் முகவுரையைத் தொடச் சொல்லவில்லை. மதச்சார்பின்மை என்ற சொல்லையும் தொடச் சொல்லவில்லை, அதைத் தொட வருகிறவர்களை எதிர்த்து நிற்பேன். மதச்சார்பின்மையும் ஜனநாயகமும் ஆட்டத்தின் விதிகள். அவை இல்லாவிட்டால் சிறுபான்மையினர் ஆட்டத்துக்கே வர முடியாது. சோசலிசம் ஆடுகிற அணிகளில் ஒன்று. எல்லா அணியும் ஒரே சட்டை போட வேண்டும் என்று விதி எழுதினால் பார்க்கிறவனுக்கு யார் எந்தப் பக்கம் என்று தெரியாது.

உறுதிமொழியின் கனம் உங்களுக்குத் தெரியாததில்லை. 1963-ல், தேர்தலில் நிற்பவர்களும் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்ற 16-வது அரசியலமைப்புத் திருத்தம் வந்தபோது அண்ணா மாநிலங்களவையில் அதை எதிர்த்துப் பேசினார். இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்ற சொற்களை வாயளவில் சொல்லிவிட்டுப் பழைய கோரிக்கையோடு தேர்தலில் நிற்கலாம் என்று அவர் கட்சி நினைக்கவில்லை, தனித் திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது. சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும் என்ற மரியாதை அதில் இருந்தது. இன்று கட்சிச் சட்டதிட்டத்தில் சோசலிசம் என்று எழுதும்போது எத்தனை கட்சிக்கு அந்த மரியாதை இருக்கிறது?

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவாருங்கள். அது வெறும் சடங்கு என்று சொல்லாதீர்கள். திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரலில் மாநிலங்களவையில் நிறைவேறியதே. தனிநபர் மசோதாக்களுக்கென வெள்ளிக்கிழமை பிற்பகலில் ஒதுக்கும் இரண்டரை மணி நேரத்தைக் கொண்டு அப்படி ஒன்றைச் சாதித்துக் காட்டியவர் நம் மாநிலத்துக்காரர். 29ஏ பிரிவின் ஐந்தாவது உட்பிரிவில் 'சோசலிசம்' என்ற சொல் நீக்கப்படும் என்பதற்கு இரண்டு வரி போதும். நிறைவேறாவிட்டாலும் பரவாயில்லை. அந்த இரண்டரை மணி நேரம் சொத்து, கூலி, சுதந்திரம் பற்றி ஒவ்வொரு கட்சியும் உண்மையில் என்ன நினைக்கிறது என்று அவைக் குறிப்பில் பதிவாகட்டும்.

மக்களவைக்குத் தமிழ்நாட்டிலிருந்து நான்கு கம்யூனிஸ்டுகள் போயிருக்கிறீர்கள்: மதுரை, திண்டுக்கல், திருப்பூர், நாகப்பட்டினம். இந்த மசோதாவை உங்களில் ஒருவர் அறிமுகம் செய்ய வேண்டும் என்பது என் விருப்பம். சோசலிசத்தின் எதிரி கொண்டுவந்தால் அது வேறு மசோதாவாகிவிடும். பதிலை எதிர்பார்க்கிறேன், தொகுதிக் கூட்டத்துக்கு அழைத்தால் நேரில் வந்தும் பேசுவேன்.

இப்படிக்கு,
அம்பத்தூரிலிருந்து ஒரு தொழிற்சங்கத் தோழர்